ஏழூர்ப் பல்லக்கின் பின்னால் மூன்று நாள்

சித்திரை, சுவாதி – கண்டியூர் முதல் திருவையாறு வரை

தஞ்சாவூரில் மாலை நான்கு மணிக்கு ஏறிய பேருந்து கண்டியூர்க் கடைத்தெருவோடு நின்றுவிட்டது. திருவையாற்றுச் சாமி பல்லக்கில் சுற்றியுள்ள ஆறு ஊர்களுக்கும் போய்வரும் நாளைய ஏழூர்ப் பல்லக்கு விழாவுக்காகத் திருவையாற்றில் கூட்டம் சேர்ந்துவிட்டதால் அதற்கு மேல் வண்டி போகாது என்று நடத்துநர் சொன்னார். பேருந்திலிருந்த எழுபது பேரும் முணுமுணுப்பின்றி இறங்கி, மூட்டையும் பிள்ளைகளுமாக வடக்கே நடக்கத் தொடங்கியதைப் பார்த்தபோது, இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல என்று தெரிந்தது. நானும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடந்தேன்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வருவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடந்தாக வேண்டும். ஊர்ப் பெயரே ஐயாறு. ஆனால் மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12ஆம் தேதிதான் என்பதால், சித்திரை மாதத்தில் இந்த ஆறுகளில் தண்ணீர் இருக்காது. குடமுருட்டிப் பாலத்தின் கீழே வெறும் மணல் கிடந்தது. காவிரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாளை பல்லக்குகள் இந்த மணலில்தான் இறங்கிக் கடக்கும் என்று என்னோடு நடந்து வந்த பெரியவர் காட்டினார். வறண்ட ஆற்றைப் பார்த்து வருந்தியே பழகிப்போன எனக்கு, ஆறு வறளும் மாதத்தில் அதையே சாமி நடக்கும் பாதையாக்கிக் கொண்ட இந்த மக்களின் ஏற்பாடு பெரிய அறிவாகத் தோன்றியது.

விழாவின் கதையையும் அவர்தான் சொன்னார். சிலாத முனிவர் கண்டெடுத்த பிள்ளை நந்தி. திருவையாற்றுச் சிவனான ஐயாறப்பர் அவரைத் தம் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார். பங்குனிப் புனர்பூசத்தில் கொள்ளிடத்துக்கு அக்கரையில் உள்ள திருமழபாடியில் நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் திருமணம் நடக்கிறது. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று இங்கே ஒரு பழமொழியே இருக்கிறது. அதற்குப் பிந்தைய சித்திரை விசாகத்தில் ஏழூர் வலம்.

“கல்யாணத்துக்குப் பழம் அனுப்புனது திருப்பழனம், சோறு சோத்துத்துறை, மந்திரம் ஓத வந்தது வேதிகுடி, நகை கண்டியூர், பூ பூந்துருத்தி, நெய் தில்லைஸ்தானம். இவ்வளவும் வாங்கிக்கிட்டு, பொண்ணு மாப்பிள்ளையை அழைச்சுக்கிட்டு ஒரு நடை போயிட்டு வரலைன்னா நல்லாவா இருக்கும் தம்பி?” என்று அவர் கேட்ட தொனியில், நேற்று பக்கத்துத் தெருவில் நடந்த கல்யாணத்தைப் பற்றிப் பேசும் உரிமை இருந்தது.

அறை கிடைப்பது மட்டும் பெரும்பாடாகிவிட்டது. தொலைபேசியில் எழுநூறு ரூபாய் என்று சொல்லியிருந்த விடுதியில், நேரில் போனதும் ஆயிரத்து அறுநூறு கேட்டார்கள். மின்விசிறி இரவு பதினோரு மணிக்கு நின்றது, பிறகு சுற்றவேயில்லை. திருவிழாவுக்கு வருகிறவனிடம் இப்படிப் பறிப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. மாலையில் கடைவீதியில் வாங்கிய அசோகாதான் ஆறுதல். பாசிப்பருப்பை வேகவைத்து, கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறும் இந்த இனிப்பு திருவையாற்றுக்கே உரியது. வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள், சூடு இலை வழியாக உள்ளங்கையில் ஏறியது. ஐம்பது ரூபாய்க்கு வாங்கியதை முழுதும் தின்ன முடியாமல், பக்கத்தில் நின்ற சிறுமிக்குப் பாதியைக் கொடுத்தேன்.

சித்திரை, விசாகம், காலை – திருவையாறு, திருப்பழனம்

விடியுமுன்னரே கோயில் வாசலில் நின்றேன். ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கில் எழுந்தருளினார்கள். நந்திகேசுவரரும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கில். நாகஸ்வரக்காரர் மல்லாரியை எடுத்ததும், அதுவரை வீடு விசாரித்துப் பேசிக்கொண்டிருந்த கூட்டம் ஒரு கணம் அடங்கியது. சாமி புறப்படும்போது வாசிக்க வேண்டும் என்றே உள்ள இசை அது. கம்பீர நாட்டையில் தவிலோடு சேர்ந்து அது எழும்போது கால்கள் தாமாகவே நகரத் தொடங்குகின்றன.

நான் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைத் தடுப்புக்கு இப்பால் நின்று பார்த்திருக்கிறேன். பழநியில் தேரைத் தலைகளுக்கு மேலாகப் பார்த்திருக்கிறேன். இங்கே நின்று பார்ப்பவர் என்று ஒரு சாதியே இல்லை. பல்லக்கு நகர்ந்தால் எல்லோரும் நகர்கிறார்கள், நின்றால் எல்லோரும் நிற்கிறார்கள். படம் எடுக்கலாம் என்று ஓரமாக ஒதுங்கிய என்னை, “ஏன் சார் அங்கே நிக்கிறீங்க, கூட வாங்க” என்று ஒருவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

கும்பகோணம் சாலையில் கிழக்கே திருப்பழனம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். சாமிக்குத் தேங்காயும் பழமும் வைத்த தட்டு ஒரு கையில், மறு கையில் ஒரு குடம் தண்ணீர். அந்தக் குடம் எதற்கு என்று முதலில் விளங்கவில்லை. பல்லக்கு வாசலில் நின்றதும், தீபாராதனைக்கு முன்னால், வீட்டுப் பெண்கள் குனிந்து சுமப்பவர்களின் கால்களில் ஒவ்வொருவராகத் தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சள் கலந்த நீர் அந்தக் காலடிகளில் விழுந்து தூசியைக் கரைத்துக்கொண்டு ஓடியது. சுமப்பவர்களைச் சீர்பாதம் தாங்கிகள் என்று அழைப்பதன் பொருளை அங்கேதான் கண்ணால் கண்டேன்.

திருப்பழனத்து ஆபத்சகாயேசுவரர் தம் பல்லக்கில் ஊர் எல்லைக்கே வந்து எதிர்கொண்டு அழைத்தார். இரண்டு பல்லக்குகளும் எதிரெதிரே நின்று ஒன்றை நோக்கி ஒன்று மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தன. உறவினர் வீட்டு வாசலில் கை கூப்பிக் கொள்வதைப் போலவே இருந்தது அது. உபசாரம் முடிந்ததும் உபசரித்தவரும் விருந்தாளியோடு கிளம்பிவிட்டார். அடுத்த ஊருக்கு அவரும் விருந்தாளி. இப்படியே ஊருக்கு ஒரு பல்லக்கு கூடிக்கொண்டு போகும்.

பெயர் தெரியாத ஒரு வீட்டுத் திண்ணையில் பழையதும் மாவடுவும் கொடுத்தார்கள். காசு என்று நான் வாயெடுத்தபோது அந்த அம்மா முகம் சுருங்கியது. அதன் பிறகு இந்தப் பயணத்தில் யார் வீட்டிலும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விசாகம், முற்பகல் – ஆற்று மணல், திருச்சோற்றுத்துறை

காவிரியில் இறங்கியபோது மணி எட்டரை இருக்கும். மணல் அப்போதே சுடத் தொடங்கியிருந்தது. நடு ஆற்றில் என் வலக்கால் செருப்பின் வார் அறுந்தது. ஒற்றைச் செருப்போடு பத்தடி நொண்டிப் பார்த்துவிட்டு, இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். சுற்றிலும் பார்த்தால் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் நடந்துகொண்டிருந்தார்கள். பல்லக்கு முன்னே போன தடத்தில் அடி மணல் மேலே வந்திருக்கும், அது குளிர்ச்சியாக இருக்கும், அந்தத் தடத்திலேயே கால் வையுங்கள் என்று ஒரு பையன் சொல்லிக் கொடுத்தான். சொன்னபடி வைத்தேன். அவன் சொன்னது முற்றிலும் சரி.

மணலில் பல்லக்குச் சுமப்பது சாலையில் சுமப்பதைப் போலன்று. கால் புதைந்து எழும்போது ஒருவர் தோள் தாழ்ந்து மற்றவர் தோள் உயரும். கண்ணாடிப் பல்லக்கு அப்படி ஒரு பக்கம் சரிந்த ஒவ்வொரு முறையும் கூட்டத்தின் மூச்சு நின்று வந்தது. முன் தண்டில் இருந்த நரைத்த மீசைக்காரர் மட்டும் திரும்பிப் பார்க்காமல், அடியை எண்ணுவதுபோல் ஒரே தாளத்தில் குரல் கொடுத்துக்கொண்டே நடந்தார். பின்னால் இருந்தவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கரை ஏறினார்கள். குடமுருட்டியும் அப்படியே.

வெட்டிவேர்ப் பல்லக்கின் பக்கமாக நடப்பது ஒரு தனிச் சுகம். வெயில் ஏற ஏற அதன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார்கள். தெளித்த சில நொடிகளில் ஈர வேரின் மணம் காற்றில் பிரிந்து நம்மைத் தாண்டிப் போகும். புது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சித்திரை வெயில் உறைக்கக் கூடாது என்று யாரோ எந்தக் காலத்திலோ எண்ணிப் பார்த்துச் செய்த பரிவு அது. பின்னால் நடக்கிற எனக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது.

சோற்றுத்துறையில் பந்தலுக்குள் போகாமல் நான் கோயிலைப் பார்க்க ஒதுங்கினேன். இறைவன் பெயர் ஓதனவனேசுவரர், ஓதனம் என்றால் சோறு. வாசலில் பித்தளைத் தூக்கோடு அமர்ந்திருந்த எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டு, “சாப்பிட்டியா தம்பி?” என்றார். பசியில்லை என்றேன். “சோத்துத்துறைக்கு வந்துட்டுப் பசியில்லைன்னு சொல்லலாமா, சாமி என்ன நினைக்கும்?” என்று தூக்கைத் திறந்தார். தயிர்சாதம், உப்பில் ஊறிய நார்த்தங்காய். தொன்னையில் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அவர் இந்த ஊருக்கு மருமகளாக வந்த வருடத்திலிருந்து விசாகத்தன்று தூக்கு நிறையத் தயிர்சாதம் கொண்டு வருகிறாராம். கணவர் இறந்த வருடம் மட்டும் வரவில்லை, அந்த வருடம் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர் பங்கையும் சேர்த்துக் கொண்டு வந்து கொடுத்தார்கள் என்றார்.

விசாகம், பிற்பகல் – திருவேதிகுடி, திருக்கண்டியூர்

வெயில் மண்டையைப் பிளந்தது. இந்தப் பகுதியைப் பற்றி எழுத அதிகம் இல்லை, ஏனென்றால் தலையைக் குனிந்துகொண்டு காலடியைப் பார்த்தே நடந்தேன். வேதிகுடி வரையிலான வயல்வழியில் மூன்று இடங்களில் பானகம், இரண்டு இடங்களில் நீர்மோர், ஓரிடத்தில் பனையோலை விசிறி கொடுத்தார்கள். காசு கொடுத்து வாங்கியது ஓர் இளநீர் மட்டும், ஐம்பது ரூபாய். வேதிகுடிக் கோயில் மதில் நிழலில் சுமப்பவர்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். நானும் அவர்களோடு கால் மணி நேரம் கண்ணயர்ந்தேன். எழுப்பியவர் என் பெயரைக் கேட்கவில்லை. “சாமி கிளம்பியாச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரை எழுப்பப் போனார்.

நேற்றுப் பேருந்து கைவிட்ட அதே கண்டியூர்க் கடைத்தெருவுக்கு இன்று மாலை ஐந்து பல்லக்குகளோடு வந்து சேர்ந்தேன். சிவன் வீரச் செயல் புரிந்த எட்டு இடங்களான அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று இது. பிரமனின் சிரத்தைச் சிவன் கொய்த இடம் என்பார்கள். சாலையின் இரு புறமும் வரிசையாக வண்டிகள் நின்றிருந்தன. ஓட்டுநர்கள் ஒலிப்பானை அடிக்காமல் இறங்கி நின்று கும்பிட்டார்கள். ஒரு சரக்கு வண்டிக்காரர் தம் வண்டியிலிருந்த வாழைத்தார் ஒன்றை இறக்கி நடப்பவர்களுக்குப் பிய்த்துக் கொடுக்கத் தொடங்கினார்.

விசாகம், இரவு – திருப்பூந்துருத்தி

இந்த ஊருக்காகத்தான் நான் உண்மையில் வந்தேன். அப்பர் மடம் அமைத்துத் தங்கியிருந்த ஊர் பூந்துருத்தி. அவரைக் காணச் சம்பந்தர் முத்துச் சிவிகையில் வந்தபோது, அப்பர் யாரும் அறியாமல் கூட்டத்துக்குள் புகுந்து, சிவிகை தாங்கியவர்களோடு தாமும் ஒருவராகத் தோள் கொடுத்தார். ஊருக்குள் வந்ததும் அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்க, உங்களைத் தாங்கி வரும் பெருவாழ்வு பெற்று இங்கேதான் இருக்கிறேன் என்று சிவிகையின் கீழிருந்து பதில் வந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். பதறி இறங்கிய சம்பந்தர் வணங்குமுன் அப்பர் அவரை வணங்கினார். வயதில் மூத்தவர், நாடறிந்த பெரியவர், ஓர் இளம்பிள்ளையின் சிவிகைக்கு அடியில் முகம் தெரியாமல் நடந்தார் என்பதைப் பள்ளி நாளில் படித்தபோது அது பணிவைப் பற்றிய கதை என்று மட்டுமே எண்ணியிருந்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் மடத்தெருவை நெருங்கும்போது, மணலில் குரல் கொடுத்து வந்த அந்த மீசைக்காரர் என் பக்கம் திரும்பி, “காலையிலிருந்து பார்க்கிறேன், கூடவே வர்றீங்க. தோள் கொடுக்கிறீங்களா?” என்று கேட்டார். எனக்கு வார்த்தை வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. என்னை நிறுத்தி, இடத்திலிருந்த மற்றவர்களின் தோளோடு என் தோளை ஒப்பிட்டுப் பார்த்தார். உயரம் ஒத்துப் போகாதவன் நுழைந்தால் பக்கத்தவனுக்குத்தான் பாரம் கூடும் என்று விளக்கினார். பின் தண்டில் நான்காவது இடம் எனக்குப் பொருந்தியது. என் துண்டை வாங்கி நான்காக மடித்து, கழுத்தெலும்பில் படாமல் தசையில் உட்காரும்படி அவரே வைத்துவிட்டார். இடக்கையால் முன்னிருப்பவர் இடுப்பைத் தொட்டுக்கொள்ள வேண்டும், கண்ணை அவர் குதிகாலில் வைக்க வேண்டும், மேலே பார்க்கக் கூடாது.

தண்டு தோளில் இறங்கியபோது முதலில் தெரிந்தது பாரமன்று, அதிர்வு. முன்னால் ஒருவர் கால் வைத்தால் அது மரத்தின் வழியாக வந்து என் எலும்பில் கேட்டது. நான்கைந்து அடிக்குப் பிறகுதான் பாரம் வந்தது. அதன் பிறகு தெருவும் இல்லை, கூட்டமும் இல்லை, தீவட்டியின் வெளிச்சத்தில் ஒரு வெடித்த குதிகால் மட்டும் இருந்தது. ஒரு வீட்டு வாசலில் நின்றோம். குனிந்திருந்த என் கண்ணுக்கு முகம் தெரியாமல் இரண்டு வளையல் கைகள் மட்டும் தெரிந்தன. என் கால்களில் தண்ணீர் விழுந்தது. பகல் முழுதும் மணலில் வெந்த பாதம் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் வழியில்லை, கை இரண்டும் வேலையாக இருந்தன.

அறுபது அடி நடந்திருப்பேன். அதற்கு மேல் முடியாது என்று என்னைக் கேட்காமலேயே அறிந்து, மற்றொருவர் தம் தோளை நுழைத்து என்னை விடுவித்தார். அப்பர் அன்று மேலே இருந்தவரை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்திருக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அனுஷம் – தில்லைஸ்தானம், திருவையாறு

நள்ளிரவு தாண்டி, மறுபடி குடமுருட்டியும் காவிரியும் கடந்து தில்லைஸ்தானம். தேவாரத்தில் இதன் பெயர் நெய்த்தானம். ஆற்று மணலில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்தார்கள். வாணம் வெடித்தபோது குழந்தைகள் மட்டும் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டன. கைப்பேசி இருபத்திரண்டு கிலோமீட்டர் காட்டியது. நானும் மணலில் படுத்தேன். விடுதி அறையை விட நல்ல உறக்கம்.

காலையில் உள்ளங்காலில் இரண்டு கொப்புளங்கள். ஒரு மருந்துக்கடைக்காரர் களிம்பு தடவிக் கட்டிவிட்டு, களிம்புக்கு மட்டும் நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். தெருத்தெருவாக உபசாரம் பெற்று ஏழு பல்லக்குகளும் திருவையாற்றுக்குள் நுழைந்து தேரடி வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. ஓதுவார் ஒருவர் ஐயாற்றுப் பதிகத்தைத் தொடங்கினார். கயிலையைத் தேடி அலைந்து உடல் தேய்ந்த அப்பர், பூவும் நீரும் சுமந்து போகிறவர்களின் பின்னால் தாமும் நுழைந்து இங்கே கண்டதைச் சொல்லும் பதிகம் அது.

பிறகு பொம்மை பூப்போடும் நேரம் வந்தது. இதைக் காண மட்டுமே வந்திருந்த கூட்டம் தேரடியை அடைத்து நின்றது. பொம்மை பல்லக்கின் முன் வந்து, கையிலிருந்த பூவைச் சாமியின் மேல் போட்டதும், அத்தனை பேரும் ஒரே குரலாக ஆரவாரித்தார்கள். ஐயாறப்பருக்குப் போட்டது, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் போட்டது, வந்த விருந்தாளிகளுக்கும் போட்டது. என் முன்னால் அப்பாவின் தோளில் இருந்த ஒரு குழந்தை ஒவ்வொரு முறையும் தன் வெறுங்கையை விரித்து அதுவும் பூப்போட்டது.

அதோடு விருந்து முடிந்தது. ஒவ்வொரு பல்லக்கும் ஐயாறப்பர் முன் வந்து சற்றே சாய்ந்து விடைபெற்று, தன் ஊருக்குத் திரும்பத் தொடங்கியது. பூந்துருத்திப் பல்லக்கு கிளம்பும்போது மீசைக்காரர் என்னைக் கூட்டத்தில் கண்டுகொண்டு நான்கு விரலைக் காட்டினார். நானும் நான்கு விரலைக் காட்டினேன். பின் தண்டில் நான்காவது இடம்.

பேருந்துக்காகக் காவிரிப் பாலத்தோரம் நின்றபோது சோற்றுத்துறைப் பாட்டி எதிரே வேகமாக வந்தார், கையில் காலித் தூக்கு. அவர்கள் ஊர்ப் பல்லக்கு இன்னும் தேரடியிலேயே நிற்கிறதே, அதோடு சேர்ந்து மெதுவாகப் போகலாமே என்றேன். அவர் நிற்கவில்லை. “சாமி ஊர் திரும்புறப்போ வாசல் இருட்டாக் கிடக்கலாமா தம்பி? முன்னாடி போய் விளக்கேத்தணும்” என்று சொல்லிக்கொண்டே, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி பாலத்தில் நடந்து போனார்.